ஆண்பால் காலர், பெண்பால் கை

பிரெஞ்சில் காலர் ஆண்பால், சட்டைக் கை பெண்பால். பட்டன் ஆண், பாக்கெட் பெண். ஏன் இப்படி என்று செல்போனில் பாடம் நடத்தும் அம்மணி சொல்லவே இல்லை. மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சிரித்துவிட்டு வினைச்சொல்லுக்குத் தாவிவிட்டார்.

எனக்கு மனப்பாடம் வராது. கண்ணால் பார்த்தால்தான் மனதில் நிற்கும். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிது. பிரான்சிலிருந்து சரக்கு வாங்க ஒரு புதிய பையர் கிடைத்திருந்தார். அவருக்குக் காலர் வைத்த டி-சர்ட் சாம்பிள் ஒன்று அன்று மாலை கூரியரில் போக வேண்டும். அது பாஸானால் அந்த பையரின் வேலை முழுக்க எனக்கு, இல்லாவிட்டால் சீனியருக்கு என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஆசையில்தான் பிரெஞ்சே ஆரம்பித்தேன்.

சாம்பிள் என் மேசைமேல் தயாராக இருந்தது. பக்கத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர்கள். செக்கிங்கில் தையல் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டுவார்களே, அவைதான். சும்மா இருக்க முடியுமா? கைக்கும் பாக்கெட்டுக்கும் சிவப்பு, காலருக்கும் பட்டனுக்கும் நீலம் என்று ஒட்டி, வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பிரமாதமாக நின்றது. அந்தச் சந்தோஷத்தோடு சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் சாம்பிளைக் காணோம்.

செக்கிங் அக்காவிடம் ஓடினேன். திருநெல்வேலிக்காரர்.

“அக்கா, என்ற டேபிள்ல இருந்த பீஸைப் பாத்தீங்களாங்க்கா?”

“ஆல்டர் பண்ணக் குடுத்துட்டேன். ஏ பிள்ள, கையில டேமேஜ், காலர்ல டேமேஜ், பட்டன்ல கூட டேமேஜ்னு ஒட்டி வச்சிருக்க. அது சட்டையா, ஆஸ்பத்திரியா?”

“ஐயோ, டேமேஜ் இல்லீங்க்கா! ஆம்பளை பொம்பளைங்க்கா!”

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஏட்டி, சாப்ட்டியா இல்லையா?”

ஆல்டர் டெய்லர் அண்ணன் அதற்குள் ஒரு கையைப் பிரித்தெடுத்துவிட்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் பிரித்த கையைத் தூக்கிப் பார்த்தார்.

“அப்ப இது பொம்பளைங்களா? முன்னமே சொல்லியிருந்தா மரியாதையாப் பிரிச்சிருப்பனே கண்ணு.”

“பேச்ச விட்டுட்டு அவளப் பொறந்த வீட்டுல கொண்டு சேரும்” என்றார் அக்கா.

அண்ணன் தைக்கத் தொடங்கினார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றதால், அக்கா பேச்சுக் கொடுத்தார்.

“இந்த மிஷினு என்னது?”

“பொண்ணுங்க்கா.”

“ஊசி?”

“அதும் பொண்ணு.”

“கத்திரி?”

“ஆணுங்க்கா.”

“பாத்தியா! தைக்கிறது பூரா பொம்பள, வெட்டி விடுறது மட்டும் ஆம்பள. அந்த ஊர்லயும் அப்படித்தானா?”

அண்ணன் தலை நிமிராமலே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தைத்து முடித்ததும் அக்கா டேப்பை வைத்து இரண்டு கைகளையும் அளந்தார். ஸ்டிக்கர் பசையைத் துடைத்து, அயர்ன் போட்டு மடித்தார். கூரியர் வண்டி கேட்டைத் தாண்டும்வரை நான் வாசலிலேயே நின்றேன்.

அடுத்த வாரம் மெயில் வந்தது. சாம்பிள் பாஸ். கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு சொல்லும் ஆணா பெண்ணா என்று சரிபார்த்து, பிரெஞ்சில் நன்றி எழுதி அனுப்பினேன். பையர் உற்சாகமாகி ஒரு பக்கம் பிரெஞ்சிலேயே பதில் போட்டுவிட்டார். பாதிதான் புரிந்தது. என்ன சொல்கிறார் என்று மேனேஜர் கேட்டதற்கு, “நல்லாப் பேசறாருங்க சார், இனி நானே பாத்துக்கறேனுங்க” என்றேன்.