சிவப்புப் புள்ளி வைக்காத டயர்

ஒட்டின டயரைக் கெடு சொல்லாமல் சோலைமுத்து அனுப்பியதே இல்லை. தரையில் உருளும் பாகத்தில் ஆணி ஏறியிருந்தால், "டயர் தேயிற வரைக்கும் இருக்கும், போ" என்பார். பக்கவாட்டில் கல் கிழித்திருந்தால் குரல் மாறும். "இது மழை விழுகிற வரைக்கும்தான். பின்னாடி உள்பக்கச் சக்கரத்துல போடு. முன்னாடி போட்டேன்னா என் கடைப்பக்கம் வராதே." அப்படிப்பட்ட டயருக்கு வெளியே சிவப்புப் பெயிண்டில் ஒரு புள்ளியும் வைப்பார். வேடசந்தூர் ரோட்டில் ஓடுகிற டிரைவர்கள் அத்தனை பேருக்கும் அந்தப் புள்ளி தெரியும்.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரி நிலம் கைவிட்டதும் லாரிக் கிளீனராகத் திண்டுக்கல் வந்தவர். முன் டயர் வெடித்து லாரி புளியமரத்தில் மோதியபோது டிரைவர் பிழைக்கவில்லை. சோலைமுத்துவுக்கு இடது புருவத்தில் தழும்பு மட்டும். அதன் பிறகு வண்டி ஏறவில்லை. டயர்க் கடை போட்டார். கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசலில் நிற்கிற வண்டிகளின் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்கு வருவார். "மாப்பிள்ளையப் பாக்க வந்தீகளா, டயரப் பாக்க வந்தீகளா?" என்று மனைவி சொர்ணலட்சுமி இடிப்பாள். "மாப்பிள்ளைய மாமனார் பாத்துக்கிருவாரு" என்பார்.

1986 ஆவணியில் அவர் இறந்தார். மகள் மணிமேகலை மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து மதுரையில் ஒரு பட்டறையில் வரைபடப் பிரிவில் இருந்தாள். லீவில் வந்தவள் அன்று கடைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனாள். மில் பஸ்ஸின் டயர் ஒன்று விரித்துக் கிடந்தது. பக்கவாட்டில் பிறை மாதிரிக் கிழிசல். உள்ளே ஒட்டுவதற்கான ரப்பர் சொல்யூஷன் தடவியிருந்தது. அப்பா பழைய டயர் அடுக்கின் மேல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வேர்க்குதுத்தா" என்றார். பஸ் டிரைவர் மொக்கைச்சாமிதான் இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்தது.

துக்க வீட்டில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வீடு ரோட்டை ஒட்டியது. ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் மில் பஸ் ஹாரன் அடித்துப் போகும். பேசிக்கொண்டிருப்பவள் நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போவாள். பஸ் போய்விட்டிருக்கும். திரும்பி வந்து உட்காருவாள், மறுபடி எழுவாள். கிழிசலுக்கு மேல் அந்த ரப்பர் ஒட்டை அப்பா வைத்தாரா? காய்வதற்கு முன்பே வைத்துவிட்டாரா? ஈரத்தோடு அமுக்கினாலும் ஒட்டு பிடித்த மாதிரிதான் இருக்கும். ஓடிச் சூடேறினால் உள்ளே அடைபட்டது ஆவியாகி, ஒட்டு கொப்பளித்துக் கழன்றுவிடும். பெயிண்ட் டப்பாவின் மூடி திறந்திருந்ததாக எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவில்லை.

நான்காம் நாள் காலை செருப்பை மாட்டினாள்.

"கருமாதி முடியாம படி தாண்டக் கூடாதுடி. ஊரு என்ன சொல்லும்?" என்றாள் அம்மா.

"பஸ்ஸு ஓடிக்கிட்டிருக்கும்மா."

கடைக்கு எதிரில்தான் மில் பெண்கள் ஏறுவார்கள். பஸ் நின்றதும் குனிந்து பார்த்தாள். முன்பக்க இடது சக்கரத்தில் பிறைக் கிழிசல். புள்ளி இல்லை.

"ஏத்தா, துக்க வீட்டுல உக்காராம டயரு பாக்கக் கெளம்பிட்டியா?" என்றார் மொக்கைச்சாமி.

"விடுண்ணே, அப்பன் புத்தி அப்பிடியே இருக்கு" என்றாள் ஜன்னலோரம் இருந்த கனகா. "வண்டிய எடு. மில்லு கேட்டப் பூட்டிருவாக."

"இது ஏன் முன்னாடி இருக்கு?" என்று கேட்டாள் மணிமேகலை.

"ஸ்டெப்னியாத்தான் வச்சிருந்தேன். நேத்து முன் டயரு பஞ்சராகி, அடுத்த ஷிப்ட்டுக்காரன் எடுத்து மாட்டிட்டான். புள்ளி இல்லல்ல, முன்னாடி போடலாம்னு..."

"புள்ளி வைக்க அவரு இல்லையேண்ணே."

மொக்கைச்சாமி இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து சக்கரத்தின் அருகே குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அவரு ஒட்டவும் இல்லத்தா. தடவிட்டு உக்காந்துட்டாரு. உங்கள அனுப்பிட்டு நான்தான் வச்சு அமுக்கினேன். ஷிப்ட்டுக்கு நேரமாச்சுன்னு."

அவள் கடையைத் திறந்தாள். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். மொக்கைச்சாமி சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து விரித்தார். மணிமேகலை நகத்தால் ஒட்டின் ஓரத்தை நெம்பினாள். பாதிவரை சுலபமாக வந்தது. அடியில் சொல்யூஷன் இன்னும் நூல் நூலாக இழுத்தது. மொக்கைச்சாமி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முழுதும் பிய்த்து, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, புது ஒட்டு வெட்டி, இரண்டிலும் சொல்யூஷன் தடவினாள். இனிக் காய வேண்டும். கடைக்கும் ரோட்டுக்குமாக நடந்தாள். விரலின் பின்புறத்தால் தொட்டுப் பார்த்தாள். ஒட்டியது. மறுபடி நடந்தாள்.

"அமுக்கும்மா, புண்ணியமாப் போகும்" என்றாள் ஒருத்தி.

கனகா சாப்பாட்டுத் தூக்கின் மூடியோடு வந்தாள். "விசிறினா சீக்கிரம் காயுமா?"

"தூசி விழும்."

"அப்பச் சரி." மூடியைத் தூக்கில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

விரல் ஒட்டாமல் வந்தபோதுதான் ஒட்டை வைத்தாள். நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனாள். பின்னால் உள்பக்கத்துச் சக்கரத்தை எடுத்து முன்னால் மாட்டினார் மொக்கைச்சாமி. அந்த இடத்துக்கு ஒட்டின டயர். மாட்டும் முன் பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். மூடி இறுகிக் கிடந்தது. நெம்பித் திறந்தால் மேலே ஆடை படிந்திருந்தது. விரலால் கிழித்து, அதே விரலால் புள்ளி வைத்தாள்.

மொக்கைச்சாமி ஏறும்போது கேட்டார். "எம்புட்டு நாள் தாங்கும்த்தா?"

இதற்கு முன்னால் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"கருமாதி வரைக்கும். அதுக்குள்ள வேற டயர் வாங்கிருங்க. அன்னைக்குச் சாப்பிட வருவீகள்ல, நான் குனிஞ்சு பாப்பேன்."

"வாங்கிருவோம்" என்றார். பஸ் மெதுவாக நகர்ந்தது. கேட்டைப் பூட்டியிருப்பார்கள். அதைப் பற்றி இப்போது யாரும் பேசவில்லை.

வீட்டு வாசலில் அம்மா செம்பில் தண்ணீரோடு நின்றிருந்தாள். மகளின் சிவந்த விரலைப் பார்த்தாள். அதன் மேல் தண்ணீரை ஊற்றினாள். பெயிண்ட் போகவில்லை.

"பஸ்ஸு ஓடுதா?" என்றாள்.

"ஓடுதும்மா."