இலையில் முதலில் கேசரி

டெசர்ட் என்ற சொல்லை இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பின் தருகிற இனிப்பு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவேன். விளாங்குடியில் நாங்கள் கட்டிய வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் குறித்தபோதுதான் அது என்னிடமே வாலாட்டியது.

சமையல்காரர் விருந்துப் பட்டியலை நீட்டினார். கேசரியும் பாயசமும் கடைசியில், டெசர்ட் என்ற தலைப்பின் கீழ் இருந்தன. இலையில் முதலில் இனிப்பு வைக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"இப்ப யாரு டீச்சர் அப்பிடி வைக்கிறா? சாப்பிட்டு எந்திரிச்சு வரட்டும், வாசல்ல ஒரு கவுண்டர் போட்டுக் கப்புல குடுத்துருவோம். அதான் டீசண்டு."

டீசண்ட் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் தடித்த அகராதியைப் புரட்டி டெசர்ட்டைத் தேடினேன். சாப்பிட்டு முடித்த மேசையை ஒழிப்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த சொல்லிலிருந்து பிறந்ததாம். எல்லாம் எடுத்த பிறகு வருவதால் அந்தப் பெயர். அவர்களுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். எங்களுக்கு எல்லாம் எடுத்த பிறகு வந்தது வேறு கதை.

அப்பா கொட்டாம்பட்டிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தவர். முதலாளி வீட்டு விசேஷங்களில் பந்தியெல்லாம் முடிந்து இலை எடுத்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுவார்கள். கொல்லைப்பக்கம் தூக்குவாளியை நீட்டினால் மிச்சச் சோறு, குழம்பு, அதன் மேலேயே பாயசம். குழம்பு வாடை அடிக்கும் அந்தப் பாயசத்தை நானும் குடித்திருக்கிறேன். இன்று நினைத்தாலும் ஆத்திரம்தான் வருகிறது.

கவுண்டரும் வேண்டாம், கப்பும் வேண்டாம், இலையில் முதலில் கேசரி விழவேண்டும், முடியாதென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

விசேஷத்தன்று முதல் பந்தியில் அப்பாவைக் காணோம். வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் சாப்பிடட்டும், பிறகு உட்காருகிறேன் என்று நழுவப் பார்த்தார். கையைப் பிடித்துக் கூட்டி வந்து முதல் இலையில் உட்கார வைத்து, நானே கேசரி வைத்தேன். அவர் அதை விரலால் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சோற்றுக்குக் காத்திருந்தார்.

சோற்று வாளியோடு வந்தவரைக் கைகாட்டி நிறுத்தினேன். வரிசையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. சமையல்காரர் கையைப் பிசைந்தார்.

"சோறு ஆறிப் போகும், தாயி," என்றார் அப்பா.

"ஆறட்டும். நீங்க கேசரியச் சாப்பிட்டாத்தான் இந்தப் பந்தியில சோறு விழும்."

தலையைக் குனிந்துகொண்டு ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. இலையில் ஒட்டியிருந்ததையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னுங் கொஞ்சம் வையி," என்றார்.

சோற்று வாளியை இன்னும் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லிவிட்டு நான் கேசரி எடுக்கப் போனேன்.