இடது கையில் மூன்று மணி

இரண்டு கிரகங்களின் கடிகாரங்களும் ஏறக்குறைய ஒத்துப்போன ஒரு வாரத்தில்தான் அவள் கணவன் வீட்டை விட்டுக் கிளம்பினான். நாளைத் தேர்ந்தெடுத்தது அவன்தான். அந்த வாரத்தில் அவள் பகலில் விழித்திருப்பாள், நினைத்தால் ரயில் நிலையத்துக்கு வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

அவளுக்கு வேலை செவ்வாய் கிரகத்துக் காற்றோடு. அங்கே ஒரு சமவெளியில் இறக்கப்பட்ட கலம் ஒன்று பல வருடங்களாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பகல் சூடேறியதும் அதைச் சுற்றியுள்ள தரையிலிருந்து புழுதி சுழன்று எழும்பி, உயர்ந்த தூணாக நடந்து போகும். சுழல் அருகில் கடந்தால் கலம் அளக்கும் காற்றழுத்தம் சட்டென்று இறங்கி ஏறும். திரையில் ஓடும் கோட்டில் ஒரு குழி விழும். அந்தக் குழிகளைத் தேடிப் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு. உடன் வேலை செய்தவர்கள் அவளைப் 'புழுதி' என்றே கூப்பிட்டார்கள். பெயர் வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

"அங்க இருக்கிற தூசிக்கு ஆள் இருக்கு, நம்ம வீட்டுத் தூசிக்குத்தான் நாதியில்ல" என்பான் கணவன், துணியை எடுத்து அலமாரியைத் துடைத்துக்கொண்டே.

செவ்வாயின் நாள் நம் நாளைவிட ஏறத்தாழ நாற்பது நிமிடம் நீளம். கலம் விழிக்கும்போது குழுவும் விழிக்க வேண்டும். அதனால் அவள் வேலை நேரம் நாள்தோறும் நழுவிக்கொண்டே போகும். இந்த வாரம் விடியலில் வீடு திரும்பினால் அடுத்த வாரம் நண்பகல். பகலில் தூங்குவதற்காகப் படுக்கையறை ஜன்னலில் கம்பளி ஒன்றை ஆணியடித்து மாட்டித் தந்தவனும் அவன்தான். குளிர்பதனக் கிடங்குகளில் மெக்கானிக். காலையில் போய் மாலையில் திரும்புகிற மனிதன். மாதத்தில் சில நாட்கள்தான் இருவருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். "நாம ரெண்டு பேரும் ஒரே கிரகத்துல இருக்கிற வாரம்" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான்.

அவள் கையில் இரண்டு கடிகாரங்கள். இடது கையில் ஆய்வுக்கூடம் தந்தது. செவ்வாய்க்கு ஏற்ப மெதுவாக ஓடும். வலது கையில் அவன் வாங்கித் தந்தது.

மூன்று மாதம்தான் இந்தக் கூத்து என்று ஆரம்பத்தில் சொல்லியிருந்தாள். அது வருடக்கணக்கில் இழுத்தது. ஒருமுறை குழாய் வெடித்து அவன் கை வெந்துபோனது. கட்டுப் போட்டு வந்தவனை அவள் கவனிப்பதற்குள் கட்டு பிரிக்கும் நாள் வந்துவிட்டது. அன்று அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகுதான் துறைமுக நகரம் ஒன்றில் வேலை தேடினான்.

பெட்டி கட்டும்போது சொன்னான்: "நாலு மணி வண்டி. நீ பிளாட்பாரத்துக்கு வந்துட்டா நான் ஏற மாட்டேன். பெட்டியத் தூக்கிட்டு உன் பின்னாடியே வீட்டுக்கு வந்துருவேன். போன் பண்ணிச் சமாளிக்காத. வாய்ப் பேச்சு போதும். ஆள் வரணும்."

"வருவேன்."

"நம்ம ஊரு நாலு மணி. ஞாபகம் வெச்சுக்க" என்று சிரித்தான்.

அவளும் சிரித்தாள். போவது என்று முடிவெடுத்தே இருந்தாள். நேரம் மாறாத பகல் வேலைக்கு மாற்றித் தரும்படி மேலதிகாரியிடம் கேட்கப் போகிறேன், அதைப் பிளாட்பாரத்தில் வைத்தே அவனிடம் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகைகூடப் பார்த்துவிட்டாள்.

அன்று பார்த்துச் செவ்வாயில் நல்ல வெயில். வந்திறங்கிய கோட்டில் குழிமேல் குழி. அறைக்கு ஜன்னல் கிடையாது. செல்போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். நடுநடுவே மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு மணி. இரண்டரை. மூன்றானதும் எழுந்து முகம் கழுவினாள், தலை சீவினாள், கண்ணாடியில் ஒருமுறை சிரித்தும் பார்த்தாள். நிலையம் பஸ்ஸில் இரண்டே நிறுத்தம்.

வாசலில் காவலர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு செல்போனை எடுத்துக் கொடுத்தார்.

"என்னம்மா, இன்னைக்கு வெளிச்சத்துலயே கிளம்பிட்டீங்க?"

"நாலு மணி வண்டிக்குப் போறேன் அண்ணே."

"நாலு மணிச் செய்தியே முடிஞ்சுபோச்சேம்மா."

வலது கையைத் திருப்பினாள். நாலு தாண்டியிருந்தது. இடது கையில் மூன்று தாண்டியிருந்தது. முந்தின நாள் ஏறக்குறைய ஒன்றுபோல ஓடிய கடிகாரங்கள், ஒரு மணி நேரம் விலகிப்போயிருந்தன. மற்ற எந்த வாரமாக இருந்தாலும் பகலும் இரவுமாக அவை முரண்பட்டு நிற்கும். பார்த்த உடனே தெரிந்திருக்கும். அவள் பகலில் வர முடிகிற இந்த வாரத்தில் மட்டும்தான் இப்படி ஏமாற முடியும்.

செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் அழைத்திருக்கவில்லை. வாய்ப் பேச்சு போதும் என்றுதான் சொல்லியிருந்தானே. இவள் அழைத்தால் என்ன சொல்வது? தப்பான கையைப் பார்த்துவிட்டேன் என்றா? அதுக்குத்தான் போறேன் என்பான். உதடு வரைக்கும் வந்த அந்தப் பதிலை அவளே அவனுக்காகச் சொல்லிக்கொண்டு, செல்போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"போகலையாம்மா?"

"வண்டி போயிருச்சு அண்ணே."

"அதனால என்ன, அடுத்தது இருக்கே."

"அது எனக்கு வேண்டிய வண்டி இல்ல."

திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த மாலையில் அவள் கண்டுபிடித்த குழிதான் அந்தக் கலம் பதிவு செய்ததிலேயே ஆழமானது. கலத்தின் ஒலிவாங்கி அப்போது திறந்திருந்ததால் சுழலின் சத்தமும் கிடைத்தது: மெல்லிய இரைச்சல், நடுவில் ஒரு மௌனம், மறுபடியும் இரைச்சல். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் அழுததைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிரிவுக்கான காகிதங்கள் தபாலில் வந்தன. கையெழுத்துப் போட்டாள். பிறகு அவன் மறுமணம் செய்துகொண்டதையும், ஒரு பெண் குழந்தை பிறந்ததையும் நாத்தனார் சொல்லித் தெரிந்துகொண்டாள். நாத்தனாருக்கு அவள்மேல் வருத்தம் தீரவே இல்லை. "ஒரு நடை போயிருக்கலாம்ல அண்ணி?" என்றாள் கடைசியாக. அவளிடமும் கடிகாரக் கதையைச் சொல்லவில்லை. வண்டி ஒருவேளை தாமதமாகக் கிளம்பியிருக்குமோ என்கிற நினைப்பு மட்டும் குழம்புப் பாத்திரத்தைக் கழுவும்போது, பஸ்ஸில் நிற்கும்போது வந்து போகும்.

கலத்துக்கும் கெட்ட காலம் வந்தது. அதன் சூரியத் தகடுகளில் தூசி படிந்து படிந்து மின்சாரம் குறைந்துகொண்டே போனது. அங்கே துடைத்துவிட யார் இருக்கிறார்கள்? சுழல் ஒன்று நேராகத் தகட்டின் மேல் ஏறிப் போனால் தூசியை வாரிக்கொண்டு போய்விடும். பக்கத்தில் போனால் பயனில்லை. மின்சாரக் கணக்குப் பார்க்கும் பேட்டரி அக்கா தினமும் அவள் மேஜைக்கு வந்து நிற்பாள்.

"என்னடி, உன் ஆளுங்க யாராவது வந்தாங்களா?"

"பக்கத்துல ஒண்ணு போச்சுக்கா. மேல வரல."

"உனக்குச் சொந்தக்காரங்கதானே? நாலு வார்த்தை நல்லதாப் பேசிக் கூட்டிட்டு வாயேன்."

"எனக்குக் கூட்டிட்டு வரத் தெரியாதுக்கா."

ஒருநாள் கலம் பேசவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். பதில் வராவிட்டால் இன்ன நாளோடு நிறுத்திவிடுவது என்று முன்பே ஏற்பாடு இருந்தது. அந்த நாளும் வந்தது. எல்லாரும் மேஜையைக் காலி செய்துகொண்டிருக்க, அவள் மட்டும் காதில் மாட்டியதைக் கழற்றவில்லை.

"விடுடி. உயிர் போயிடுச்சு."

"இன்னும் கொஞ்சம் கேட்டுப் பாக்கலாம்க்கா."

"நீயா இது? எதையும் ரெண்டாம் தரம் கேக்க மாட்டியே. எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"வண்டி இன்னும் நின்னுட்டு இருந்தா?"

"எந்த வண்டி?"

"ஒண்ணுமில்லக்கா."

அக்கா அவள் தோளில் கை வைத்து அழுத்தினாள். பிறகு விளக்கை அணைத்தாள்.

அதன்பின் அவளுக்குப் பகல் வேலை கிடைத்தது. ஜன்னல் கம்பளியைக் கழற்றினாள், ஆணிகளை விட்டுவிட்டாள். வெயில் நேராக அறைக்குள் விழுந்தபோது அலமாரியின் தூசி பளிச்சென்று தெரிந்தது. துணியை எடுத்து அவளே துடைத்தாள். இடது கைக் கடிகாரம் மேஜை இழுப்பறையில் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

வெகு காலம் கழித்து, ஒரு விடுமுறைப் பகலில், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது செல்போன் அதிர்ந்தது. பெயரில்லாத எண். அவனிடமிருந்து செய்தி.

"நல்லா இருக்கியா? நீ நம்பர் மாத்தியிருக்க மாட்டேன்னு நம்பி அனுப்புறேன். என் பொண்ணு ஸ்கூல்ல செவ்வாய்க் காத்துச் சத்தம் போட்டுக் காட்டினாங்களாம். வீட்ல வாயாலயே ஊதிக் காட்டிட்டுத் திரியுறா. எதேச்சையா அதோட தேதியைப் பாத்தேன். நான் கிளம்பின அன்னைக்குப் பிடிச்சது. அதான் வரலையா நீ? இத்தனை நாளா வேணும்னேதான் வரலைன்னு நினைச்சுட்டேன். அப்படி ஒரு சத்தம்னா யாரா இருந்தாலும் எழுந்து வர மாட்டாங்க. ஒண்ணு மட்டும் சொல்லணும்னு தோணுச்சு. நான் நாலு மணி வண்டியில ஏறல. உனக்கு எப்பவும் கை மாறிப்போகும்ல. அதனால உன் இடது கையில நாலு ஆகுற வரைக்கும் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். அப்புறம்தான் அடுத்த வண்டியில ஏறினேன்."