கிழக்கு பார்த்த மெழுகுவத்தி

இன்னிக்கு செங்கம் ரோட்டுல ஒரு கடை. கண்ணாடி டம்ளர்ல ஊத்தின மெழுகுவத்தி வச்சிருந்தாங்க. எல்லாத்துலயும் திரி ஓரமா சாஞ்சிருந்தது.

நான் என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவ வேற பக்கம் பார்த்தா.

எண்பதுகள்ல, கல்யாணமான புதுசு. கரண்ட் அடிக்கடி போயிடும். துண்டு மெழுகுவத்திகளை உருக்கி, சீர்ல வந்த கண்ணாடி டம்ளர்ல ஊத்தினேன். திரி நடுவுல நிக்கணுமே! அவளோட ஹேர்பின்ல திரியைச் சொருகி, டம்ளர் மேல குறுக்க வச்சுட்டு வெளிய போனேன்.

வந்து பார்த்தா ஹேர்பின் அவ தலையில. திரி டம்ளர் ஓரத்துல. மெழுகு உறைஞ்சே போச்சு.

"என்னம்மா இது?"

"விளக்குன்னா கிழக்க பாத்து எரிய வேணாமாங்க? நடுவுல நட்டா எந்தப் பக்கம் பாக்கும்?"

சாயங்காலம் ஏத்தினோம். கிழக்குப் பக்கம் டம்ளர் பட்டுனு விரிசல் விட்டுடுச்சு.

"உங்க மெழுகு சரியில்ல"ன்னுட்டா.

இன்னிக்கு அதே அம்மா கடைக்காரர்கிட்ட சொல்றாங்க: "திரி ஓரமா இருந்தா கண்ணாடி வெடிச்சிடும்ங்க. ஹேர்பின்னைக் குறுக்க வச்சு நடுவுல நிறுத்துங்க. எங்க வீட்ல நான் அப்படித்தான் செய்வேன்."

இத்தனை வருஷம் கழிச்சு கேஸ்ல ஜெயிச்சுட்டேன். தீர்ப்புலதான் என் பேர் இல்ல.

உங்க வீட்ல யாராச்சும் இப்படி ஜெயிச்சிருக்காங்களா?