சாக்குக்கு முன்னால் பவுடர்

யுத்தம் நடந்த ஆண்டுகளில் ஒரு பங்குனிக் காலை. மண்டூருக்குப் போகும் பாதையடியில் வரிசையில் நின்றேன். பாதை என்று இங்கே சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. அதில் ஏறுமுன் இராணுவச் சோதனைச்சாவடியைத் தாண்ட வேண்டும்.

நான் அரசாங்க உத்தியோகத்தர். அடையாள அட்டை, அலுவலகக் கடிதம், இரண்டுக்கும் அத்தாட்சிப்படுத்திய பிரதிகள் எல்லாம் கையில் இருந்தன. அன்று அவற்றை யாரும் கேட்கவில்லை. பிடிபட்ட ஒருவனைக் கதிரையில் இருத்தி, தலையில் சாக்கைக் கவிழ்த்து, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டிருந்தார்கள். ஒவ்வொருவராக அவன்முன் நிற்க வேண்டும். இயக்கத்து ஆள் என்று அவன் தலையாட்டினால் லொறியில் ஏற்றுவார்கள். அப்படி ஏறியவர்கள் திரும்பி வந்ததாக நான் அறியேன். மேன்முறையீட்டுக்கு இடமில்லாத நடைமுறை.

எனக்கு எண்ணெய் வழியும் முகம். பயமும் சேர்ந்து வியர்த்ததில், காலையில் அப்பிய வெள்ளைப் பவுடர் திட்டுத்திட்டாகக் கிளம்பிவிட்டது. பின்னால் நின்ற பெண் என்னைத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னகா இது, கொழுக்கட்டைய மாவில பிரட்டின மாதிரி? வேசம் போட்டு வந்திருக்கிறீங்க எண்டு பிடிக்கப் போறானுகள்."

சேலைத் தலைப்பால் என் முகத்து ஈரத்தை ஒற்றி எடுத்தாள். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, என் நிறத்தோடு ஒத்துப்போகும் மங்கலான பவுடரைத் துணியில் தொட்டு, மூக்கிலும் நெற்றியிலும் மட்டும் அழுத்தினாள். "தேய்க்கப்படா. காஞ்ச பிறகு கொஞ்சமாப் போடணும்."

பிறகு தன் முகத்துக்கும் கண்ணுக்குக் கீழேயும் அதே கவனத்தோடு போட்டுக்கொண்டாள். இந்த இடத்திலும் அழகு பார்க்கிறாளே என்று நினைத்தேன்.

எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்துச் சாக்குத் தலை ஆடியது. அவரை இழுத்துப்போனார்கள்.

நான் போய் நின்றேன். ஓட்டைக்குள் கண்கள் இமைக்கவில்லை. நெற்றிப்பக்கம் சாக்கு வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. வாய்ப்பக்கம் மூச்சுக்கு உள்ளே போய் வந்தது. தலை அசையவில்லை. அடுத்து அவள். அவள் நின்ற நேரமெல்லாம் சாக்கில் அந்த மூச்சசைவும் நின்றுபோயிருந்தது. தலை அசையவில்லை.

நடுவாவியில் மெல்லக் கேட்டேன், சாக்குக்குள் இருந்தவன் தெரிந்த ஆளா என்று.

"இடக்கால் பெருவிரல்ல நகமில்ல, கண்டீங்களா? என்ட தம்பி. அவனப் பாக்கத்தான் இதால போய் வாறன். நான் அழுத முகத்தோட நிண்டா அவனும் அழுதிருவான். அழுதா தலை ஆடிரும்."

ஒரு முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் உத்தியோகத்தோடு எனக்கும் வந்திருந்தது. இன்று எவரையாவது அப்படிப் பார்க்கத் தொடங்கினால், நானும் ஒரு சாக்குக்குள் இருந்துதான் பார்க்கிறேனோ என்று பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறேன்.