பச்சைக்கல் மாதுளைக்குப் பாலாபிஷேகம்

காலை ஆறு ஐம்பது. சிதம்பரத்தில் அக்கா வீட்டுப் பூஜை அறையில் முதலில் கண்ணில் பட்டது ஓர் ஈ. எவர்சில்வர் தட்டில் இருந்த பச்சைக்கல் மாதுளையின் மேல் அது உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பழைய சீன வேலைப்பாடு. ஒரு பக்கம் தோல் வெடித்து முத்துகள் தெரியும்படி செதுக்கியிருந்தார்கள். அந்த இடுக்குகளில் முந்தைய நாள் பால் மஞ்சளாக உறைந்திருந்தது. காம்பில் குங்குமம், இலையில் சந்தனம். புளித்த வாடை கூடம்வரை வந்தது.

அக்காவின் கணவர் அதைப் புதுச்சேரியில் பழைய பொருள் விற்கும் கடையில் வாங்கியிருந்தார். சீனாவில் புதுமணத் தம்பதிக்கு மாதுளை தருவார்கள், அதன் விதைபோலப் பிள்ளைகள் பெருகும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அக்கா மகனுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. வீட்டுக்குள் வந்ததும் கல் மரகதமாகிவிட்டது. மரகத லிங்கத்துக்கு ஊற்றிய பாலைக் குடித்தால் குறை தீரும் என்று நம்புகிற பக்கம் இது. தினமும் அபிஷேகம், வழிந்த பால் மருமகளுக்கு, வெறும் வயிற்றில், ஒரு மண்டலம். அது முடியும்வரை டாக்டர் பேச்சு கூடாது.

கடலூரிலிருந்து என்னை வரவழைத்தது சாட்சி சொல்ல. பத்திரிகையில் இருந்தபோது சீனக் கல் சிற்பங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

"சைனாக்காரன் அப்படித்தான் சொல்றானா மச்சான்?" என்றார் அக்கா கணவர்.

சொன்னேன். மாதுளை பிள்ளைப்பேற்றுக்கு, பீச் பழம் ஆயுளுக்கு, மூங்கில் வளைந்தாலும் முறியாத குணத்துக்கு. எல்லாம் வாழ்த்து; மேசைமேல் வைத்துப் பார்ப்பதற்கு. யாரும் கழுவிக் குடிப்பதில்லை. இது மரகதமும் இல்லை, ஜேட் என்கிற வேறு பச்சைக்கல். பளபளப்புக்கு மெழுகு தேய்ப்பார்கள், அதன்மேல் எத்தனை பேர் கை அழுக்கோ.

"கேட்டியா? பேப்பர்ல இருந்தவனே சொல்றான், புள்ளைக்குத்தான்னு" என்று மருமகளைப் பார்த்தாள் அக்கா. மற்றது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

பாலை ஊற்றினாள். அது வெடிப்பில் இறங்கி, பழைய கட்டியைப் பெயர்த்துக்கொண்டு தட்டில் விழுந்தது. மிதந்ததை விரலால் ஒதுக்கிவிட்டு டம்ளரில் சாய்த்தாள். மருமகள் முந்தைய நாள் வாந்தி எடுத்திருந்தாள். அக்கா அதையும் நல்ல சேதியாகத் தெருவில் சொல்லி வைத்திருந்தாள்.

"அத்தை, அவுருக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க."

"ஆம்பளைக்கு எதுக்குடி?"

"அப்போ டெஸ்டுக்காச்சும் வரச் சொல்லுங்க. எனக்கு எல்லாம் நார்மல்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

அக்கா மகன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "காலங்காத்தால ஆரம்பிக்காத. பால்தானே, குடிச்சிட்டுப் போயேன்."

"பால்தான்னா நீங்க குடிங்க." டம்ளரை அவன் முன்னால் வைத்தாள்.

அவன் குனிந்து முகர்ந்தான். மூக்கைச் சுளித்து டம்ளரைத் தள்ளி வைத்தான். "ஜாஸ்தி பேசற" என்றான்.

அவனை யாரும் வற்புறுத்தவில்லை. அக்கா அதே டம்ளரை எடுத்து, விளிம்பை முந்தானையால் துடைத்து, மறுபடியும் மருமகளிடம் நீட்டினாள்.

அவள் வாங்கவில்லை. உள்ளே போய்ப் பையோடு வந்தாள்.

"மாமா, போற வழியில என்னை வடலூர் பஸ்ல ஏத்தி விட்டுடுங்க."

வடலூரில் அவள் தாய்வீடு. ஏற்றிவிட்டேன்.

மண்டலம் முடிந்துவிட்டது. அக்கா மகன் பரிசோதனைக்குப் போகவில்லை.