நீபியாவின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

கோபம் வந்தால் நீபியா அண்ணி கத்தி தீட்டுவார். சத்தம் போடமாட்டார், பாத்திரத்தை வீசமாட்டார். பின்வாசல் படியில் உட்கார்ந்து, கல்லில் தண்ணீர் தெளித்து, ஏற்கனவே கூராக இருக்கும் கத்தியை இழுத்து இழுத்துத் தீட்டுவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அது அகலமான கத்தி. இப்போது மீன் முள் மாதிரி ஆகிவிட்டது. ஆட்டுக்கறி நறுக்கித் தேய்ந்ததைவிட என் வீட்டுக்காரரின் பேச்சால் தேய்ந்ததுதான் அதிகம்.

அண்ணி எனக்கு நாத்தனார். அவருடைய தம்பி வால்தெமார்தான் என் வீட்டுக்காரர். மாமனார் இறந்தபோது தக்வாரெம்போ நகரத்துக்கு வடக்கே இருக்கும் நிலமும் செம்மறியாடுகளும் இருவருக்கும் பொதுவாக வந்தன. அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆடுகளோடு அங்கேயே இருந்துவிட்டார். நாங்கள் நகரத்துக்கு வந்தோம். இவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. வரும்போது மாமனாரின் துப்பாக்கியையும் தூக்கி வந்தார். துப்பாக்கி ஆண்பிள்ளைக்குத்தான் போகும் என்றார். கொஞ்ச நாளிலேயே அதை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கினார். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மோட்டார் சைக்கிளும் இப்போது இல்லை.

எங்கள் பக்கத்தில் ஆகஸ்டுதான் குளிர்காலம். அந்தக் குளிரில் ஆடுகள் குட்டி போடும். போன வருடம் அந்த நேரத்தில்தான் நாய்கள் வர ஆரம்பித்தன. அவை பசிக்காகக் கொல்வதில்லை. ஓட ஓட விரட்டி, ஒன்றின் தொடையைக் கிழித்து, அது விழுந்ததும் அடுத்ததின் கழுத்தைப் பிடிக்கும். காலையில் அண்ணி போய்ப் பார்த்தால் பாதி உயிரோடு கிடக்கும் தாயாடுகளை அவர்தான் அறுத்து முடிக்க வேண்டும்.

பக்கத்து நிலத்துக்காரர் ஃபாகுண்டெஸின் நாய்கள் அவை என்று எல்லாருக்கும் தெரியும். அவர் ஆடுகளை விற்றுவிட்டு, நிலத்தைத் தைலமரம் வளர்க்கும் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டவர். ஆடு இல்லாத வீட்டில் நாய்களுக்கு வேலை இல்லை. கட்டிப்போட அவருக்கு மனமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஆடு செத்தால், ஆட்டுக்காரர் அக்கம்பக்கத்து வாசல்களுக்குப் போய் நின்று கைதட்டுவார். நாய்க்காரர் வெளியே வந்து, தன் நாயின் வாயைத் தானே திறந்து காட்டுவார். பல்லிடுக்கில் கம்பளி மயிர் இருந்தால், அந்த நாயை அவரே அன்றைக்கே முடித்துவிடுவார். ஆட்டு ரத்தம் ருசித்த நாய் திருந்தாது. இதில் யாரும் வாதாடுவதில்லை.

அண்ணி போய்க் கைதட்டினார். ஃபாகுண்டெஸ் கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை.

"வீட்ல ஆம்பளை யாராவது வந்தா காட்டறேன் நீபியா. பொம்பளைகிட்ட என்னத்தக் காட்றது?" என்றாராம்.

அண்ணி என் வீட்டுக்காரருக்குப் போன் செய்தார். இவரும் ஃபாகுண்டெஸும் சனிக்கிழமைதோறும் சேர்ந்து சீட்டாடுகிறவர்கள்.

"நான் போய் அவர் நாய் வாயில கையை விடணுமா? ஆட்டை வித்துத் தொலைன்னு எத்தனை வருசமா சொல்றேன்! நம்ம நிலத்தையும் கம்பெனிக்கு விட்டுடலாம். அவங்க தயாரா இருக்காங்க. நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

"ஆடு இருக்கிறவரைக்கும் போடமாட்டேன்."

"அப்ப நாயே முடிச்சு வெக்கட்டும்," என்று போனை வைத்தார். அடுப்பருகே நின்ற எனக்கு இரண்டு பேர் பேசியதும் கேட்டது. ஆடுகள் போனால் நிலமும் போகும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சும்மா இருந்தார்.

துப்பாக்கி வாங்குவது என்று அண்ணி அன்றைக்கு முடிவு செய்தார். அதுவரை ஒன்றைக் கையில் தொட்டவரில்லை. அனுமதிக்கு டாக்டர், வகுப்பு, தேர்வு என்று பஸ் ஏறி ஏறி அலைந்து, எல்லாவற்றையும் தனியாக முடித்தார். கடைக்குப் போகும் நாளில் மட்டும் என் வீட்டுக்காரர் கூடவே கிளம்பினார். "இவளை ஏமாத்திடுவாங்க," என்றார். நானும் போனேன்.

கடைக்காரர் சில்வேரா அண்ணியைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் இவரைப் பார்த்தே பேசினார்.

"யாருக்கு வால்தெமார்?"

"அக்காவுக்கு. இதுவரைக்கும் விளக்குமாறுதான் புடிச்சிருக்கா. சின்னதா ஒண்ணு குடுங்க."

அவர் ஒல்லியான ஒற்றைக்குழல் ஒன்றை எடுத்து வந்தார். முப்பத்தாறாம் நம்பர். நம்பர் கூடக் கூடக் குழாய் சிறியது. தோட்டாவுக்குள் போகும் ரவையும் குறைவு. "பொம்பளைங்களும் பசங்களும் இதைத்தான் எடுப்பாங்க. இறகு மாதிரி. தோள்ல இடிக்காது."

"எவ்வளவு தூரம் எட்டும்?" அண்ணி கேட்டார்.

"பாம்புக்குப் போதும், முயலுக்குப் போதும்," என்று இவரிடம் சொன்னார் சில்வேரா.

"நாய்க்கு?"

"சத்தம் கேட்டாலே ஓடிடும்மா."

"ஓடினா மறுபடி வருமே. அந்த ரெட்டைக்குழலைக் காட்டுங்க."

இருவரும் சிரித்தார்கள். "அக்கா சண்டைக்குக் கிளம்பிட்டா சில்வேரா! பீரங்கி இருந்தா எடுத்து வைங்க," என்றார் என் வீட்டுக்காரர்.

அதே கடையின் மறுமூலையில் ஒரு மாட்டுப்பண்ணை ஆள் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருந்தான். கடையில் கூட வேலை பார்க்கும் சில்வேராவின் மைத்துனர் அவனுக்கு எவ்வளவு பொறுமையாக அளவு பார்த்தார் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைக்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். பார்வை குழலின் நேர்மேலே போகிறதா, கன்னம் பின்பக்க மரக்கட்டையில் படிகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தார். ஒன்று சரியில்லை என்று இன்னொன்று, அதுவும் சரியில்லை என்று வேறொன்று. அண்ணிக்கு ஒருமுறைகூடத் தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. துணிக்கடையில் துண்டு மடித்துக் கொடுப்பதுபோல் அந்த ஒற்றைக்குழலையே சுற்றிக் கொடுத்துவிட்டார்கள். அண்ணியும் என்னைப் போலவே அந்த மூலையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பண்ணையில் இருந்தேன். விடியும் நேரம், மாத்தே பானத்துக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குளத்துப் பக்கம் ஆடுகள் ஓடும் சத்தம் கேட்டது. அண்ணி பொஞ்சோ என்னும் கம்பளிப் போர்வையைத் தலைவழியே மாட்டிக்கொண்டு துப்பாக்கியோடு ஓடினார், பின்னால் நான். மூன்று நாய்கள். முன்னால் இருந்தது ஃபாகுண்டெஸின் புள்ளி நாய். அண்ணி துப்பாக்கியைத் தூக்கினார். கட்டையின் அடிப்பாகம் பொஞ்சோவின் கம்பளி மடிப்பில் சிக்கிக்கொண்டது. இழுத்து விடுவித்துச் சுடுவதற்குள் நாய் தள்ளிப் போயிருந்தது. வெடித்தது. நாய் தேனீ கொட்டியதுபோல் ஒரு துள்ளு துள்ளிற்று. பின்பக்கத்தை ஒருமுறை நக்கிவிட்டு, திரும்பவும் தாயாட்டின் கழுத்தைப் பிடித்தது. அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

செத்துக்கிடந்த ஆட்டின் மடியை அதன் குட்டி முட்டிக்கொண்டிருந்தது. அண்ணி குட்டியைத் தூக்கிப் பொஞ்சோவுக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்குக் கத்தி தீட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நாளைக்கு டவுனுக்கு வரேன். கடைக்கு நீயும் கூட வா. அவன்கிட்ட சொல்லாதே," என்றார்.

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. அண்ணி பொஞ்சோவோடு கடைக்குள் நுழைந்தார்.

"என்னம்மா, உள்ளே இவ்வளவு குளிரா?" என்று சிரித்தார் சில்வேரா. "தம்பி வரலியா?"

"எதுக்கு? அவன் தோள்ல வெச்சா நான் சுடப்போறேன்?" அண்ணி முப்பத்தாறாம் நம்பரை மேசைமேல் போட்டார். "இதை எடுத்துக்குங்க. ரெட்டைக்குழல் எல்லாத்தையும் இறக்குங்க."

"அம்மா, அதெல்லாம் கனம். உங்களால..."

"பாதி செத்த ஆட்டைக் குளத்துலேருந்து வீடு வரைக்கும் தூக்கிட்டு வர்றது நான்தான். நீங்க வந்து தூக்கறீங்களா?"

அவர் ஒவ்வொன்றாக இறக்கினார். அண்ணி முதல் துப்பாக்கியைக் கையில் எடுத்து, கண்ணை மூடித் தோளில் வைத்தார். கண்ணைத் திறந்தார். "குழல் தெரியல, துப்பாக்கியோட பின்பக்கம்தான் தெரியுது," என்று கீழே வைத்தார். அடுத்தது. அதற்கடுத்தது. பன்னிரண்டாம் நம்பர் ஒன்று வாகாக இருந்தது, ஆனால் தூக்கிப் பிடித்திருந்தால் கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் தாழ்ந்தது. வைத்துவிட்டார். கடைசியில் இருபதாம் நம்பர் இரட்டைக்குழல், பழையது, யாரோ விற்றுவிட்டுப் போனது. கனம் கையோடு ஒட்டி நின்றது. பார்வை நேராகப் போயிற்று. ஆனால் தூக்கும்போதெல்லாம் கட்டை பொஞ்சோவில் இடித்தது.

"கட்டை நீளம்," என்றார் அண்ணி.

"அது ஆம்பளை அளவும்மா. பழகப் பழகச் சரியாயிடும்."

"நான் பழகறவரைக்கும் நாய் காத்திருக்குமா? ரெண்டு விரல் அகலம் அறுங்க."

சில்வேராவுக்கு முகம் மாறியது. "அறுக்கறதா? வால்நட் கட்டைம்மா இது! அறுத்தா நாளைக்கு விக்க முடியாது."

"விக்கறதுக்கு ஆள் ஏற்கனவே எங்க குடும்பத்துல இருக்கான். நான் சுடறதுக்கு வாங்கறேன்."

மைத்துனர்தான் ரம்பம் எடுத்து வந்தார். அறுத்த இடத்தில் ரப்பர் வைத்துத் திருகினார். அண்ணி மறுபடி கண்ணை மூடித் தூக்கினார். பொஞ்சோவில் எங்கும் சிக்கவில்லை. நான் வாயைத் திறந்து ஒரு கடையில் பேசியது அதுதான் முதல்முறை: "இன்னொரு தரம் தூக்குங்க அண்ணி." தூக்கினார். அப்போதும் சிக்கவில்லை.

அதன்பிறகு தினமும் மண்மேட்டில் பழைய பால் டின்களை வைத்துச் சுட்டுப் பழகினார். தோள் கன்றிப்போயிற்று, பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டார்.

செப்டம்பர் தொடக்கத்தில் நாய்கள் மறுபடி வந்தன. புள்ளி நாய் விழுந்தது. இரண்டாவது குழலால் அண்ணி மற்ற இரண்டும் ஓடிய திசையில் வானத்தைப் பார்த்துச் சுட்டார். பிறகு செத்த நாயைத் தள்ளுவண்டியில் போட்டு, அரை மணி நேரம் தள்ளிக்கொண்டு போய், ஃபாகுண்டெஸின் வாசலில் நிறுத்திக் கைதட்டினார். அன்றைக்கும் நான் கூட இருந்தேன்.

"என் நாயைக் கொன்னுட்டியே! பைத்தியமா நீ?" ஃபாகுண்டெஸ் செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"வாயைத் தொறங்க."

"என்ன?"

"வாயைத் தொறந்து பாருங்க. ஆம்பளை வந்தாத்தான் காட்டுவேன்னீங்க. நான் ஆம்பளையைக் கூட்டிட்டு வரல. நாயையே கொண்டுவந்துட்டேன்."

அவர் குனியவில்லை. அண்ணியே குனிந்து உதட்டை விலக்கினார். பல்லிடுக்கில் வெள்ளையாகக் கம்பளி மயிர், ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. ஃபாகுண்டெஸின் மனைவி ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். அவர் எங்கள் முகத்தைப் பார்க்காமல் நாயை இறக்கிக்கொண்டார்.

சாயங்காலமே என் வீட்டுக்காரர் பண்ணைக்கு வந்து குதித்தார். கம்பெனி ஆளை ஃபாகுண்டெஸ்தான் கூட்டி வருவதாக இருந்ததாம்.

"போய் மன்னிப்புக் கேளு! அவர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

"எத்தனை ஆடு செத்துச்சு, ஒரு நாளாவது என் மூஞ்சியில முழிச்சியா?" என்றார் அண்ணி. "அப்பாவோட துப்பாக்கியை வித்தே. எனக்கு விளையாட்டுச் சாமானை வாங்கிக் குடுத்துட்டுச் சிரிச்சே. ஆடு சாகட்டும்னு உக்காந்திருந்தே. உனக்கு வேண்டியது என் கையெழுத்துதானே? அது வராது. கிளம்பு."

அவர் என்னைப் பார்த்து, "நீ வர்றியா இல்லையா?" என்றார். தாயில்லாத அந்தக் குட்டிக்குப் பால் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்துவிட்டு மறுநாள் பஸ்ஸில் வந்தேன்.

இன்றுவரை அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. ஃபாகுண்டெஸின் மற்ற இரண்டு நாய்களும் சங்கிலியில் கிடக்கின்றன. அவருக்கு அண்ணிமேல் கோபம், என் வீட்டுக்காரருக்கும் கோபம். இரண்டு பேருக்கும் செத்த ஆடுகள்மேல் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. நிலம் குத்தகைக்குப் போகவில்லை. இந்த ஆகஸ்டில் நாய் கடித்து ஓர் ஆடும் சாகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் நான் பஸ் ஏறிப் பண்ணைக்குப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருகிறேன்.